வேண்டுதலும் இல்லை, சப்பாத்து வாங்கக் காசில்லாமலும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பின் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் விடியற்காலையில் ஏழெட்டுப் பேர் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள், நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் காலில் ஒன்றும் இல்லாமல் கஷ்டப்பட்டது போதாதா, பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி சப்பாத்து வாங்கிக் கொடுக்க நாம் என்ன பாடுபட்டோம், இவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஃபேஷன் காட்டுகிறார்கள் என்று கொட்டித் தீர்த்திருந்தார். அந்த ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். சரியாகச் சொன்னால் ஏழு பேர்தான், எட்டாவது ஆள் தைப்பூசத்துக்கு அப்புறம் வரவே இல்லை.

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. பேப்பரை வீட்டுக்காரியிடம் நீட்டினேன். அவள் பாலில்லாத கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டே முழுதும் படித்துவிட்டு, "அவரு சொல்றதுல பாதி நியாயம்தானே" என்றாள். அந்தப் பாதி எது, மீதிப் பாதி எது என்று யோசித்து எழுத இத்தனை நாளாகிவிட்டது. கடிதம் நீளம்தான். இடமில்லை என்றால் என் கால் வலிக் கதையை வெட்டுங்கள், திடலைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்ட வேண்டாம்.

எங்களைப் பார்த்து ஊரில் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன வேண்டுதல்?" என்பதுதான். ஈப்போ கல்லுமலைக்கு வெறுங்காலில் காவடி தூக்கிப் போகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்கள், குற்றம் சொல்ல முடியாது. ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிக்க உட்கார்ந்தால், "விரதமா அண்ணே, எத்தனை நாளு?" என்று கேட்டுவிட்டு, ரொட்டி சானாய்க்கு மீன் கறி ஊற்றலாமா வேண்டாமா என்று கடைப் பையன் தயங்குவான். ஒரு தடவை மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, தன் காலில் கிடந்த சிலிப்பரைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டார். வேண்டாம் பாக்சிக் (மாமா), நான் வேண்டுமென்றேதான் இப்படி ஓடுகிறேன் என்று புரியவைப்பதற்குள் அடுத்த இரண்டு மோட்டாரும் நின்றுவிட்டது.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்கு இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி பூட்ஸை மாட்டினால் மாலை வரை கழற்றுவதில்லை. சூடான எண்ணெயும் நீராவியும் இருக்கிற இடத்தில் அதில்லாமல் கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் விரல்கள் ஊறிய கடலை மாதிரி வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். அந்தக் கால் மண்ணைத் தொடுவது விடியற்காலை ஓட்டத்தில் மட்டும்தான். மற்றவர்கள் யாரென்றால், தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர், நாசி லெமாக் விற்கும் அக்கா ஒருவர், கல் லோரி ஓட்டும் அண்ணன், ஐந்தாம் படிவம் படிக்கும் பையன்கள் இரண்டு பேர், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற 63 வயது ஐயா. எல்லாரிடமும் சப்பாத்து இருக்கிறது. லோரி அண்ணனிடம் மூன்று ஜோடி இருக்கிறது, அதில் ஒன்று 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல், அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவார்.

எங்கள் வாரம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. திங்கட்கிழமை ஓய்வு. செவ்வாய் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, உள் சாலையில் நாலு கிலோமீட்டர். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் புல்லில் தொடங்கத்தான் பார்ப்பார்கள், கால் நோகாது என்று. ஐயா விடமாட்டார். புல் மெத்தென்று இருப்பதால் குதிகாலைத் தொப்புத் தொப்பென்று போட்டு ஓடினாலும் கால் ஒன்றும் சொல்லாது, புல்லுக்குள் என்ன கிடக்கிறதென்றும் தெரியாது. வழுவழுப்பான கெட்டித் தார் என்றால் தப்பாக ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்குள் மண்டைக்குச் செய்தி போய்விடும். அடியைச் சின்னதாக்கு, காலை முன்னால் நீட்டாமல் முட்டிக்கு நேர் கீழே போடு, சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய பாடம். நிமிடத்துக்கு 170, 180 அடி வரும். அந்த எண்ணிக்கைக்கு லோரி அண்ணன் போனில் உறுமி மேளம் போட்டுக்கொள்வார், தாளம் ஏறினால் அவரும் ஏறுவார், அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு யார் வீட்டு வேலியையாவது பிடித்துக்கொண்டு நிற்பார். புதன்கிழமை கெண்டைக்காலுக்கு வேலை, படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றுவது. டீச்சர் சோறு வேகும் நேரத்தில் அடுப்படி வாசல்படியிலேயே அதை முடித்துவிடுகிறார். வியாழன் ஏற்றம். வெள்ளி கோயில், ஓட்டம் கிடையாது. சனிக்கிழமை யாருக்கு எப்படித் தோதுப்படுகிறதோ அப்படி.

அக்காவால் காலையில் வரவே முடியாது, ஐந்தரைக்குக் கடை திறந்தாக வேண்டும், அதற்கு முன் சம்பலும் தேங்காய்ப்பால் சோறும் ஆக வேண்டும். பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாலை ஐந்து மணிக்குத்தான் அவர் ஓடுவார், அந்நேரம் தார் இன்னும் கொதிக்கும். அவர் கண்டுபிடித்த வழி, சாலை ஓரத்து வெள்ளைக் கோடு. கறுப்புத் தார் வெயிலைக் குடித்து வைத்திருக்கும், வெள்ளைப் பெயிண்ட் அந்த அளவுக்குக் குடிக்காது, வழுவழுப்பாகவும் இருக்கும். ஒரு சாண் அகலக் கோட்டின்மேல் கையில் டீ சட்டையைச் சுற்றிக்கொண்டு அவர் வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் கம்பிமேல் நடக்கிற மாதிரி இருக்கும். ஊரில் இப்போது அவருக்கு வெள்ளைக்கோட்டு அக்கா என்றே பெயர்.

ஞாயிறுதான் நீளம், பழைய தோட்டத்துச் சாலையில் பத்து கிலோமீட்டர். செம்பனைக் குலை ஏற்றும் லோரி போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் விழுந்து மண் இறுகிச் சிமெண்ட் தரை மாதிரி இருக்கும், நடுவில் சல்லி. தடத்திலேயே ஓடினால் பிரச்சினை இல்லை. எதிரில் மோட்டார் வந்து சல்லிக்கு ஒதுங்கினால்தான் வந்திருக்கும் எல்லாரும் ஒரே நேரத்தில் 'ஐயோ அம்மா' என்போம். மழை பெய்த மறுநாள் போவதில்லை. ஈரத்தில் தோல் ஊறினால் சீக்கிரம் வழண்டுவிடும், அது ஒன்று. எலி மூத்திரக் காய்ச்சல் இன்னொன்று. கென்சிங் திகுஸ் என்று எல்லாரும் சொல்கிறோமே அதுதான், தேங்கிய தண்ணீரிலிருந்து காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே ஏறிவிடும், 2010இலிருந்து மருத்துவர்கள் அதை அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கிவிட்டார்கள். செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு கட்டி வைத்திருப்பார்கள், எலியைத் தேடி நாகமும் வரும். ஆந்தையைப் பார்த்திருக்கிறோம். நாகத்தையும் ஒரு தடவை பார்த்தோம், அன்றைக்கு ஓடிய வேகத்தை அப்புறம் யாராலும் எட்ட முடியவில்லை.

இருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சூரியன் ஏழு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறது, 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்ததில் விடியலும் அரை மணி பின்னால் போய்விட்டது. ஏழு மணி வேலைக்குப் போகிறவன் ஓட வேண்டுமென்றால் கும்மிருட்டில்தான் ஓட வேண்டும். ஆகவே நெற்றியில் விளக்கு. அந்த விளக்கை முதன்முதலாகக் கட்டிக்கொண்டு, காலில் ஒன்றும் இல்லாமல், நாலரை மணிக்கு நான் வாசலில் இறங்கியபோது அம்மா எழுந்து வந்து கதவோரம் நின்று பார்த்தார். "உங்க ஆயா மாதிரியே இருக்கே" என்றார். என் ஆயா, அதாவது பாட்டி, தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். நெற்றி விளக்கும், தோளில் காண்டாக் கம்பில் இரண்டு வாளியும், மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாகப் போய்த்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. நான் பெருமையாகச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "அவங்க சம்பளத்துக்குப் போனாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பெரியவர் கடிதத்தில் பாதி நியாயம் என்று வீட்டுக்காரி சொன்னது இதைத்தான். ஆயாவின் வெறுங்கால் அவர் தேர்ந்தெடுத்தது கிடையாது. அந்தக் காலத்துத் தோட்ட லயத்தில் ஒழுங்கான கக்கூஸ் கிடையாது, ஈர மண்ணில் கொக்கிப்புழு முட்டையிலிருந்து வந்த குஞ்சு பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி, ரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ராக்ஃபெல்லர் அறநிதியம் அனுப்பிய ஆய்வுக்குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, ஃபிஜி என்று சுற்றி இதையே ஆராய்ந்திருக்கிறது, அதில் மலாயாவும் ஃபிஜியும் கப்பலேறிப் போன நம் ஆட்கள் கூலி வேலை செய்த இடங்கள். ஆயா எப்போதும் வெளிறிப்போய் இருப்பார், படியேறினால் மூச்சு வாங்கும், தோட்டத்து மருந்தகத்து டிரஸர் கொடுக்கும் பூச்சி மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார் என்று அம்மா சொல்வார். சோம்பேறிக் கூலி என்று துரைமார்கள் எழுதி வைத்த பல பேருக்கு உடம்பில் ரத்தமே இருந்திருக்காது. ஆகவே செருப்பென்பது நம் ஜனங்களுக்கு அலங்காரம் கிடையாது, மருந்து மாதிரி. பெரியவரின் ஆத்திரம் அங்கிருந்து வருகிறதென்றால் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன், மறுபேச்சில்லை.

ஆனால் அவர் ஃபேஷன் என்று சொன்னதுதான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஃபேஷனாக இருந்தால் இரண்டாவது மாதமே விட்டிருப்பேன். நான் பட்டதைச் சொல்கிறேன். தொடக்கத்தில் ஐயா 400 மீட்டர் ஓடச் சொன்னார், அதற்கு மேல் வேண்டாம், மீதியைச் சப்பாத்தோடு ஓடிக்கொள், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டு என்றார். எனக்கு மூச்சுக்குப் பிரச்சினை இல்லை, தொடைக்குப் பிரச்சினை இல்லை, என்ன இது பிள்ளை விளையாட்டு என்று ஆறாவது வாரத்தில் ஒரே மூச்சில் எட்டு கிலோமீட்டர் ஓடினேன். மூச்சுக்கும் தொடைக்கும் இருபது வருடப் பழக்கம், பாதத்து எலும்புக்கு ஆறு வாரப் பழக்கம் என்பது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வலது பாதத்தின் மேல்பக்கம், இரண்டாவது விரலுக்கு நேர் மேலே, ஒரு காசளவு இடத்தில் விரல் வைத்தால் உயிர் போனது. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று களிம்பு கொடுத்தனுப்பினார்கள். நான் பேசாமல் இருக்காமல் சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னேன், அன்று இரவு போர்வை பட்டாலே வலித்தது. மூன்று வாரம் கழித்து இன்னோர் எக்ஸ்ரேயில்தான் எலும்பில் மயிரிழைக் கீறல் தெரிந்தது. இந்த வகைக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் படத்தில் பெரும்பாலும் விழாது, ஆறத் தொடங்கும்போது எலும்பு தடிப்பதைத்தான் படம் காட்டும் என்று அப்புறம் ஒரு டாக்டர் விளக்கினார். ஆறு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐயா ஒரு வார்த்தை சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து ஒரு சீப்பு பீசாங் மாஸ் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்று முள். செம்பனை மட்டையின் அடிப்பக்கம் இருபுறமும் ரம்பம் மாதிரி முள் இருக்கும், வெட்டிப் போட்ட மட்டையை வரிசையாக அடுக்கியிருந்தாலும் ஒன்றிரண்டு சாலைக்கு வந்துவிடும். போன மாதம் பையன்களில் சின்னவனுக்கு உள்ளங்காலில் ஏறிவிட்டது. சாலை ஓரத்தில் உட்கார வைத்து, டீச்சர் அவன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார், நான் நெற்றி விளக்கைக் கழற்றிப் பக்கவாட்டில் பிடித்தேன். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்துப் பிடித்தால்தான் தோலில் முள் புகுந்த இடம் சின்னக் கறுப்புப் புள்ளியாக நிழல் விழுந்து தெரியும். டீச்சர் கைப்பையில் ஊசியும் இடுக்கியும் ஸ்பிரிட் பஞ்சும் எப்போதும் இருக்கும். முள்ளைக் குத்தி நெம்பவில்லை, முள் போன திசையிலேயே மேல் தோலை மட்டும் ஊசி நுனியால் பிரித்து, நுனி தெரிந்ததும் இடுக்கியால் பிடித்து, போன வழியிலேயே நேராக இழுத்தார். அரை இஞ்ச் இருக்கும். அதை எடுத்துப் பையன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முனை உடையாமல் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது டீச்சர்தான். துண்டு உள்ளே தங்கினால், அதிலும் மூட்டுக்குப் பக்கத்தில் தங்கினால், மாதக்கணக்கில் வீங்கிக்கொண்டே இருக்கும். அப்படியே அவனை மோட்டாரில் ஏற்றி டெட்டனஸ் ஊசி போட அழைத்துப் போனோம். அவன் அம்மாவிடம் நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது, உங்கள் பத்திரிகை குடும்பப் பத்திரிகை.

பெரியவர் தன் கடிதத்தில், படித்த நாட்டுக்காரன் எவனாவது இப்படி ஓடுவானா என்று கேட்டிருந்தார். ஓடியிருக்கிறார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா மாரத்தான் முழுவதையும் வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் தங்கம் வாங்கினார். மாலையில் தொடங்கி இருட்டில் முடிந்த ஓட்டம், வழியில் படைவீரர்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். அவருக்குக் கிடைத்த சப்பாத்து காலுக்குச் சேரவில்லை, பயிற்சியிலும் வெறுங்காலில் ஓடிப் பழகியிருந்தார், அதனால் அப்படியே ஓடிவிட்டார். அதே ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக ஓடப் போயிருந்தவர், நம் பக்கத்து ஊர் கோல கங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன். அப்போது அவருக்கு 17 வயதுகூட ஆகவில்லை. 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கிவந்தாரே, அவரேதான். அதே பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கிய ராஜாமணியும் நம் பேராக் பிள்ளை, தாப்பா. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐந்தாம் படிவப் பையன்கள் இருவருக்கும் பிக்கிலா பெயர் தெரிகிறது, ஜெகதீசன் பெயரும் ராஜாமணி பெயரும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலாவது கிலோமீட்டரில் ஐயா இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வருவார், ஏற்றத்தில் பேச்சு நின்றுவிடும், இறக்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைக்கவில்லை. நாலு வருடம் கழித்து 1964 தோக்கியோவில் பிக்கிலா சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடி, இன்னும் வேகமாக, 2 மணி 12 நிமிடத்தில் மறுபடி தங்கம் வாங்கினார். விஞ்ஞானமும் எங்கள் கட்சிக்கு முழுசாக வரவில்லை. 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழு, வெறுங்காலில் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை வைத்து ஓடுகிறார்கள், குதிகாலில் இறங்குபவர்களுக்கு வரும் முதல் அடியின் அதிர்ச்சி அவர்களுக்கு வருவதில்லை என்று எழுதியது. அதைப் பிடித்துக்கொண்டு உலகமே சப்பாத்தைக் கழற்றியது. 2013இல் வட கென்யாவில் பிறந்ததிலிருந்து செருப்புப் போடாத டாசனாச் மக்களை ஓடவைத்துப் பார்த்தால், நிதான வேகத்தில் பெரும்பாலோர் குதிகாலில்தான் இறங்கினார்கள். ஆக, வெறுங்காலில் ஓடினால் முட்டிவலி போகும், காயமே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் முட்டிவலி போனது, அதற்குப் பதிலாகப் பாதத்து எலும்பு கீறியது, கணக்குச் சரியாகிவிட்டது. எனக்கு இது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்குத் தார் சில்லென்று இருக்கும், ஓடை வரும் முன்பே உள்ளங்காலுக்கு ஈரம் தெரிந்துவிடும், சப்பாத்தோடு பத்து வருடம் ஓடிய அதே சாலையில் இப்போதுதான் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர் இன்னும் கடுமையாக எழுதியிருக்கலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் எங்களைப் பார்த்து ஆசைப்பட்டு இறங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது, இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்கள்தான் முதலில் நிற்கிறோம். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும், முள் ஏறியது தெரியாது, கண்ணாடி கிழித்தது தெரியாது, இரண்டு வாரம் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். எங்களுடைய எட்டாவது ஆள் வராமல் போனதற்குக் காரணம் இதுதான். தைப்பூசத்தன்று காலில் ஏதோ குத்தியிருக்கிறது, அவருக்குத் தெரியவேயில்லை. நல்லவேளை சீக்கிரம் பார்த்தார்கள், ஒரு விரலோடு போனது. இப்போது நல்ல சப்பாத்துப் போட்டு மாலையில் நடக்கிறார், எங்களைக் கண்டால் கை காட்டுவார். சேர்ந்து ஓட வருகிறேன் என்று யார் கேட்டாலும் ஐயா முதலில் கேட்பது சர்க்கரை அளவைத்தான், பெயரைக் கூட அப்புறம்தான் கேட்பார்.

போட்டிகளில் படும் பாடு தனி. போன வருடம் ஓர் ஊரில், ஊர் பெயர் வேண்டாம், பத்து கிலோமீட்டர் ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் டீச்சரை நிறுத்திவிட்டார்கள். சப்பாத்து இல்லாமல் ஓடக்கூடாதாம். அவர்கள் கொடுத்த விதித்தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. உலகத் தடகளச் சங்கத்தின் விதியிலோ வெறுங்காலிலும் ஓடலாம், ஒரு காலில் மட்டும் சப்பாத்துப் போட்டும் ஓடலாம் என்றே இருக்கிறது. டீச்சர் வாதாடவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் சிலிப்பரை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டி, ஐம்பது மீட்டரில் கழற்றி, பின்னாலேயே ஓடிவந்த பாட்டியின் பேரனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வயதுப் பிரிவில் மூன்றாவது.

இனி திடல். ஆசிரியர் அவர்களே, இதற்காகத்தான் இந்தக் கடிதம். எங்கள் தாமானுக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. சனிக்கிழமை இரவு அங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள். குடிக்கட்டும், அதைச் சொல்ல நான் யார். குடித்த பாட்டிலைக் கோல் கம்பத்தில் குறிபார்த்து எறிந்து உடைக்கிறார்கள், அது என்ன சந்தோஷமோ தெரியவில்லை. ஞாயிறு காலை விளக்கை நெற்றியில் கட்டாமல் இடுப்பளவில் கையில் தாழ்த்திப் பிடித்துப் போனால் புல் முழுதும் பச்சையாகவும் பழுப்பாகவும் மின்னும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். போன மாதம் ஒரே காலையில் பழைய பெயிண்ட் வாளியில் இரண்டரை வாளி கண்ணாடி பொறுக்கினோம். மறு வாரம் போனால் மறுபடி கிடக்கிறது. யாரிடம் சொல்வது என்று கேட்டுப் போனால் ஒரு கவுண்டரில் இன்னொரு கவுண்டரைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் ஃபாரம் கொடுக்கிறார்கள், பூர்த்தி செய்து கொடுத்து நாலு மாதமாகிறது.

நாங்கள் அங்கே ஓடுவதே இல்லை, முன்னமே சொன்னேன், புல்லில் ஐயா விடமாட்டார். அங்கே மாலையில் பந்து விளையாடுவது பக்கத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு வயது. பள்ளிச் சப்பாத்து தேய்ந்தால் அம்மா ஏசுவார்கள் என்று கம்பத்தடியில் ஜோடி ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அந்த வெறுங்காலுக்கு நெற்றி விளக்கும் கிடையாது, ஸ்பிரிட் பஞ்சு வைத்திருக்கும் டீச்சரும் கிடையாது. எங்கள் ஏழு பேர் காலைப் பார்த்துப் பெரியவருக்கு வந்த கோபத்தில் ஒரு பங்கு அந்தக் கண்ணாடியைப் பார்த்தும் வரட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், என்னைவிட நன்றாகவே எழுதுகிறார்.

வருகிற ஞாயிறு ஓட்டம் வைக்கவில்லை. காலை ஏழேகாலுக்கு, வெளிச்சம் வந்த பிறகு, திடலில் பொறுக்கப் போகிறோம், அன்று எல்லாரும் சப்பாத்தோடு, நான் ஆலை பூட்ஸோடு. வாளியும் தடித்த கையுறையும் எங்களிடம் இருக்கிறது. பெரியவர் பக்கத்தில் இருப்பவர் என்றால் வரலாம், குனிய முடியாவிட்டால் நாற்காலி போட்டுத் தருகிறோம், உட்கார்ந்து எங்களை ஏசிக்கொண்டே இருக்கட்டும். வெள்ளைக்கோட்டு அக்கா அன்று கடை போடவில்லை, நாசி லெமாக் இருபது பொட்டலம் கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
செம்மண்காலன்,
சுங்கை சிப்புட், பேராக்.